அனுமதித் தாளுக்குப் பின்னால் தண்ணீர் இருக்கிறதா?

வீடு, மனை, கட்டட அனுமதி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் பையன் கலிபோர்னியாவில் மார்கன் ஹில் என்ற ஊரில் இருக்கிறானுங்க. சில வருஷம் முன்பு வரை அங்கே வருஷத்துக்கு இத்தனை வீடுதான் என்று கணக்கு வைத்து, பில்டர்களைப் போட்டி போடவிட்டு, மார்க் அதிகம் வாங்கியவருக்குத்தான் கட்ட அனுமதி கொடுத்தார்களாம். நிஜங்களா? வீட்டுக்கு எப்படி மார்க் போடுவாங்க?
– வாசகர், சரவணம்பட்டி

நிஜம்தான். நம்மூரில் வரைபடம் விதிக்குள் இருந்தால் அனுமதி கொடுத்தாக வேண்டும். ஆயிரம் பேர் கேட்டால் ஆயிரம் பேருக்கும் உண்டு. அமெரிக்காவில் சில ஊர்கள் வேறு வழியில் போயின. ஊரின் குடிநீர், பாதாளச் சாக்கடை, பள்ளிக்கூடம், சாலை எல்லாம் சேர்ந்து எத்தனை புது வீடுகளைத் தாங்கும் என்பதை முதலில் பார்த்தன. யாருக்கு அனுமதி, எப்போது அனுமதி என்பதை அதற்குப் பிறகுதான் முடிவு செய்தன.

இதில் முன்னோடி நியூயார்க் மாநிலத்தில் உள்ள ராமபோ. 1969ல் அந்த ஊர் ஒரு மதிப்பெண் பட்டியல் போட்டது. சாக்கடைக்கு 5, மழைநீர் வடிகாலுக்கு 5, பூங்காவும் பள்ளியும் சேர்த்து 5, சாலைக்கு 5, தீயணைப்பு நிலையத்துக்கு 3 என்று மொத்தம் 23. மனை பிரித்து வீடு கட்ட நினைப்பவர் குறைந்தது 15 எடுத்தாக வேண்டும். பொதுச் சாக்கடை இணைப்பு இருந்தால் முழு 5. தனியாகச் சிறு சுத்திகரிப்பு நிலையம் அமைத்தால் 3. தீயணைப்பு நிலையம் தள்ளிப் போகப் போக மதிப்பெண் குறையும். 15 வராதவர் காத்திருக்க வேண்டும், அல்லது குறையும் வசதியைத் தன் செலவிலேயே செய்து கொடுத்து மதிப்பெண்ணை ஏற்றிக்கொள்ளலாம். ‘காத்திரு’ என்று சொல்ல ஊருக்கு என்ன தகுதி என்றால், எந்தப் பகுதிக்கு எந்த வருஷம் என்ன வசதி வரும் என்று 18 ஆண்டுகளுக்கான பணித்திட்டத்தையும் அது கூடவே வெளியிட்டிருந்தது. 1972ல் அந்த மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த முறை செல்லும் என்றது.

ராமபோவில் இருந்தது தேர்ச்சி மதிப்பெண். தொட்டவர்கள் எல்லாரும் பாஸ். உங்கள் மகன் சொல்வது போட்டி. அது பெட்டலுமாவில் தொடங்கியது. சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே சுமார் 40 மைலில் உள்ள ஊர். அங்கே 1970ல் 591 வீடுகளும் 1971ல் 891 வீடுகளும் எழும்பின. நகர மன்றம் பயந்துபோய், 1972 முதல் ஐந்து ஆண்டுகளுக்கு வருஷம் 500 வீடுதான் என்று கட்டிப்போட்டது. ஐந்து வீடும் அதற்கு மேலும் கட்டும் திட்டங்களுக்குத்தான் இந்தக் கட்டு. நாலு வீடு வரை கட்டும் சிறியவர்களுக்கு இல்லை.

மதிப்பெண் இரண்டு பாகமாக இருந்தது. முதல் பாகம் வசதிகள். தண்ணீர், சாக்கடை, வடிகால், தீயணைப்பு, பள்ளி, சாலை ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை. ஊரில் ஏற்கெனவே இருக்கும் குழாயும் பள்ளியும் இந்த வீடுகளைத் தாங்குமா என்பதுதான் கேள்வி. இரண்டாம் பாகம் தரமும் பொதுநலனும். கட்டட வடிவமைப்பு, திறந்தவெளி, நடைபாதை, சைக்கிள் பாதை, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான வீடு ஆகியவற்றுக்கு 0 முதல் 10 வரை. முதல் பாகத்தில் குறைந்தபட்சம் எடுக்காத திட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கேயே விழுந்துவிடும். அந்த வரிசையை நாம் கவனிக்க வேண்டும்: தண்ணீருக்குப் பிறகுதான் எலிவேஷன், அதாவது முகப்பு அழகு. மேலும் 500 வீட்டில் 8 முதல் 12 சதவீதம் நடுத்தர, எளிய வருமானக்காரர்களுக்கானதாக இருக்க வேண்டும் என்றும், ஊரின் கிழக்குக்கும் மேற்குக்கும் பங்கு பிரிய வேண்டும் என்றும் வைத்தார்கள். கட்டுநர் சங்கம் வழக்குப் போட்டு முதலில் ஜெயித்தது. 1975ல் மேல்முறையீட்டில் நகரமே வென்றது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்துவிட்டது.

உங்கள் மகன் ஊரான மார்கன் ஹில்லில் 1977ல் வாக்காளர்களே ஓட்டுப் போட்டு இந்த முறையைக் கொண்டுவந்தார்கள். 2004லும் 2016லும் மறுபடி ஓட்டுப் போட்டுத் திருத்தினார்கள். 2016 திருத்தத்தின்படி 2035ல் மக்கள்தொகை 58,200ஐத் தாண்டக் கூடாது, ஆண்டுக்கு அதிகபட்சம் 215 வீடு. குறித்த தேதிக்குள் விண்ணப்பம் வர வேண்டும். அதிகாரிகள் ஒவ்வொரு தலைப்பிலும் மதிப்பெண் போடுவார்கள். பள்ளி, திறந்தவெளி, பொது வசதி, மனை அமைப்பு, பாதுகாப்பு, மரம் செடி, வீட்டு வகை என்று தலைப்புகள் நீளும். ஊரோடு ஒட்டி வரும் திட்டத்துக்கு மதிப்பெண் கூடும். தனித் தீவாக வயலுக்கு நடுவே வந்தால் குறையும். கடைசியில் பட்டியலின் மேலிருந்து ஒதுக்கிக்கொண்டே வந்து, எண்ணிக்கை தீர்ந்த இடத்தில் நிறுத்துவார்கள். ஒதுக்கீடு வாங்கியவர் கெடுவுக்குள் வேலையை ஆரம்பிக்காவிட்டால் அது கைவிட்டுப் போகும்.

கேள்வி: இவ்வளவு நல்ல முறையை ஏன் விட்டுவிட்டார்கள்?
– அதே வாசகர்

2019ல் கலிபோர்னியா ஒரு வீட்டு நெருக்கடிச் சட்டம் போட்டது. நெருக்கடியில் உள்ள நகரங்கள் வீட்டு அனுமதியின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைக்கக் கூடாது என்றது. மார்கன் ஹில்லின் போட்டி அதோடு நின்றது.

சட்டம் வந்ததற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு மதிப்பெண்ணும் பில்டருக்குச் செலவு. பூங்கா கொடு, பள்ளிக்கு நிதி கொடு, சாலையை அகலப்படுத்து என்று ஏறும் செலவை வாங்குபவர் தலையில்தான் கட்டுவார். எண்ணிக்கை குறைவாக இருப்பதால் அந்த விலைக்கும் ஆள் வருவார்கள். படம் வரையவும் அறிக்கை எழுதவும் ஆலோசகர்களை வைத்துக்கொள்ளப் பெரிய நிறுவனத்தால் முடியும். பத்து வீடு கட்டும் மேஸ்திரியால் முடியாது. வீடு கிடைக்காதவர்கள் பக்கத்து ஊரில் குடியேறித் தினமும் காரில் வந்து போவார்கள், நெரிசல் இடம் மாறுமே தவிரக் குறையாது. பிறகு, ‘அழகுக்கு 7’ என்று ஒருவர் போடுவதை இன்னொருவர் 4 என்பார். குழாயின் விட்டத்தை அளக்கலாம், அழகை அளக்க முடியாது. போட்டி முறையில் அப்பீல் அதிகம் வரும் இடம் இதுதான்.

கேள்வி: கோவையிலும் திருப்பூரிலும் தண்ணீர்ப் பஞ்சம் தீர இப்படி வருஷக் கணக்கு வைத்தால் என்ன?
– வாசகி, அவிநாசி

கணக்கு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. கோவை மாநகராட்சி எல்லைக்குள் மட்டும் எண்ணிக்கை வைத்தால், சைட் போடுகிறவர்கள் மறுநாளே அன்னூர், சூலூர், காரமடை, கிணத்துக்கடவு பக்கம் போய்விடுவார்கள். அங்கே குழாயும் இல்லை, சாக்கடையும் இல்லை. தோட்டம் மட்டும் அழியும். உள்ளே சென்ட் விலை ஏறும். வாடகைக்கு இருக்கும் மில் தொழிலாளிக்கும் பனியன் கம்பெனித் தொழிலாளிக்கும் அதில் ஒரு நன்மையும் இல்லை.

ஆனால் ராமபோ செய்தது இங்கே அவசியம். மனைப்பிரிவுக்கு அனுமதி தரும்போது நாம் சாலை அகலம், பூங்கா இடம், மனை அளவு பார்க்கிறோம். அந்த 80 மனைக்கும் குடிநீர் எந்தத் தொட்டியிலிருந்து வரும், எந்த வருஷம் வரும் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. 2011ல் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம், துடியலூர், சரவணம்பட்டி, காளப்பட்டி, வடவள்ளி போன்றவை கோவையோடு சேர்ந்து மாநகராட்சி 100 வார்டானது. வீடுகள் அதற்கு முன்பே வந்துவிட்டன. பாதாளச் சாக்கடைக் குழாய் பல வீதிகளுக்குப் பின்னால்தான் வருகிறது. சிறுவாணியும் பில்லூரும் கொடுக்கும் தண்ணீருக்கு அளவு உண்டு. அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டு 1,045 குளம் குட்டைகளை நிரப்ப வந்திருக்கிறது. உங்கள் பகுதிக்கு அது பெரிய வரம். ஆனால் அது நிலத்தடி நீருக்கான திட்டம். வீதிக் குழாயில் வரும் குடிநீரோடு அதைக் குழப்பிக்கொண்டு ‘இனித் தண்ணீர்ப் பிரச்சினை இல்லை’ என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள்.

அரசு மதிப்பெண் போடாத வரை, வாங்குகிற நீங்கள்தான் போட வேண்டும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்த வீதியில் நாலு வீட்டில் கேளுங்கள்: நல்ல தண்ணி எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு நேரம்? கோடையில் எப்படி? பதில் ‘லாரிதான்’ என்றால், மாதம் எத்தனை லோடு, என்ன விலை என்று கேட்டு அதை வீட்டுக் கடன் தவணையோடு கூட்டிப் பாருங்கள். வீதியில் பாதாளச் சாக்கடை மூடி தெரிந்தால் மட்டும் போதாது, வீட்டு இணைப்பு கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். மூடி இருந்து இணைப்பு வராத வீதிகள் உண்டு. பக்கத்து வீட்டு போர் எத்தனை அடி என்பதோடு அந்தத் தண்ணீரின் உப்பையும் பாருங்கள். கையடக்க டிடிஎஸ் மீட்டரே போதும். குடிநீருக்கான இந்தியத் தரம் லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை. சாயக் கழிவு ஓடிய நொய்யல் கரையில், திருப்பூருக்குக் கிழக்கே ஒரத்துப்பாளையம் வரை, மீட்டரை வைக்காமல் மனை வாங்கவே கூடாது. மண் உப்பாகிவிட்ட இடத்தில் தண்ணீர் மட்டுமல்ல, அதைக் கொண்டு போடும் காங்கிரீட்டும் கெடும்.

கேள்வி: எங்கள் சைட் அஞ்சே முக்கால் சென்ட். சுயசான்றில் உடனே அப்ரூவல் கிடைக்கும் என்கிறார்கள். இன்ஜினியர் வராது என்கிறார். யார் சொல்வது சரிங்க?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

இன்ஜினியர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சுயசான்று என்பது வரைபடம் விதிக்குள் இருக்கிறது என்று நீங்களே உறுதி சொல்லி உடனே அனுமதி வாங்கும் முறை. 2024 ஜூலை 22 அன்று தொடங்கிய அந்த முறையில் மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் முதல் தளமும் மட்டும், உயரம் 7 மீட்டருக்குள் என்று வைத்தார்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. அஞ்சே முக்கால் சென்ட் என்றால் 2,504.7. நாலே முக்கால் சதுர அடியில் வெளியே போகிறீர்கள். 5.73 சென்ட் என்றால் 2,496, அது உள்ளே.

ஆனால் இங்கே நிறுத்தாமல் பட்டாவை எடுத்துப் பாருங்கள். கிராமப் பட்டாவில் சென்ட் இருக்காது, ஹெக்டேர்–ஏர் கணக்கு. ஒரு ஏர் 100 சதுர மீட்டர். உங்கள் பட்டாவில் 0.02.32 என்றிருந்தால் அது 232 சதுர மீட்டர், அதாவது 2,497 சதுர அடி. 0.02.33 என்றிருந்தால் 2,508. ஒரே மனை, பட்டாவில் எந்தப் பக்கம் முழுமையாக்கினார்கள் என்பதைப் பொறுத்து மாறும். பத்திரத்தில் ஒன்று, பட்டாவில் ஒன்று, டேப் வைத்தால் இன்னொன்று என்று மூன்று அளவு வருவதுதான் வழக்கம். மூன்றில் எது குறைவோ அதற்குள் படம் வரையச் சொல்லுங்கள். அளவைத் திரித்து மட்டும் போடாதீர்கள். சுயசான்று என்றால் சொன்னதற்கெல்லாம் நீங்களே பொறுப்பு. பிறகு தவறு தெரிந்தால் அனுமதி ரத்தாகும். அதிகாரி பார்த்துவிட்டுத்தானே கொடுத்தார் என்று சொல்ல வழி இருக்காது, ஏனென்றால் யாரும் வந்து பார்ப்பதில்லை.

உயரத்திலும் கவனம். 7 மீட்டர் என்பது 23 அடிக்குச் சுமார் அரை அங்குலம் குறைவு. அடித்தளம் 2 அடி, தளத்துக்குத் தளம் 10 அடி என்றால் 22, தப்பித்தீர்கள். மழைத் தண்ணீர் ஏறும் என்று அடித்தளத்தை 3 அடி தூக்கி, தளத்தைப் பத்தரை அடியாக வைத்தால் 24 ஆகிவிடும். கொத்தனார் வேலை நடக்கும்போது ‘ஒரு வரிசை கூட வைத்துக்கலாமுங்க’ என்பார். அங்கேதான் மீறல் ஆரம்பமாகிறது. இந்த வரம்புகளை அரசு அவ்வப்போது திருத்துகிறது. விண்ணப்பிக்கும் நாளில் ஒற்றைச்சாளர இணையதளத்தில் உள்ள அளவே செல்லும்.

வரம்புக்கு வெளியே போனாலும் பதற வேண்டாம். சாதாரண முறையில் உள்ளாட்சியிலேயே விண்ணப்பிக்கலாம். சிறிய வீடுகளுக்கு அந்த அதிகாரம் அவர்களுக்கே உண்டு. நாட்கள் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். இரண்டு வழியிலும் தயாராக வைக்க வேண்டியவை: கிரயப் பத்திரம், மூலப் பத்திரம், உங்கள் பெயரில் பட்டா, வில்லங்கச் சான்று, மனைப்பிரிவு அனுமதி அல்லது வரன்முறை உத்தரவு (அனுமதியில்லாத மனையைக் கட்டணம் வாங்கி முறைப்படுத்தியதற்கான உத்தரவு), மனையின் புகைப்படம், வரைபடம். விண்ணப்பம் திரும்புவதற்கு முதல் காரணம் பட்டா. கிரயம் முடித்து வருஷமாகியும் பட்டா விற்றவர் பெயரிலேயே இருக்கும், அல்லது கூட்டுப் பட்டாவாக இருக்கும். உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்கிய பிறகு விண்ணப்பியுங்கள். இரண்டாவது காரணம் பெயர். பத்திரத்தில் தலைப்பெழுத்து ஒன்று, ஆதாரில் இன்னொன்று.

கேள்வி: ‘பஞ்சாயத்து அப்ரூவல் சைட்’ விலை குறைவாக வருகிறது. வாங்கலாமா?
– வாசகி, காங்கேயம்

பஞ்சாயத்துத் தலைவர் முத்திரை குத்திய மனைப்பிரிவுப் படம் மனைப்பிரிவு அனுமதி ஆகாது. நகர் ஊரமைப்புத் துறையின் தொழில்நுட்ப அனுமதி எண்ணும் அதன் பேரில் உள்ளாட்சியின் இறுதி அனுமதியும் இருக்க வேண்டும். அனுமதியில்லாத மனைகளைப் பதிவதை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடுத்தது. அதன்பிறகு 2017ல் வரன்முறைத் திட்டம் வந்தது. அதன் வெட்டுத் தேதி 20.10.2016. அந்தத் தேதிக்கு முன்பே மனையாகப் பத்திரம் பதிவானதா என்று வில்லங்கச் சான்றில் பாருங்கள். பதிவாகியிருந்து, வரன்முறைக் கட்டணம் கட்டிய உத்தரவும் கையில் இருந்தால் வாங்கலாம். ‘பிறகு கட்டிக்கலாமுங்க’ என்றால் அதை விற்பவரே கட்டிக் கொடுக்கட்டும். உத்தரவு இல்லாமல் கட்டட அனுமதியும் வராது, வங்கிக் கடனும் வராது. விலை குறைவுக்கு அதுதான் காரணம்.

கேள்வி: அண்ணன் தம்பி இருவருக்கும் சேர்த்து ஒன்றரை ஏக்கர் ரோட்டோரம் இருக்கிறது. சைட் போடலாம் என்று இருக்கிறோம். 70 சென்ட், 80 சென்ட் என்று பிரித்துத் தனித்தனியாகப் போட்டால் பூங்காவுக்கு இடம் விட வேண்டியதில்லை என்கிறார்கள்.
– வாசகர், சத்தியமங்கலம்

2019ம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் 3,000 சதுர மீட்டர் வரை பொது ஒதுக்கீட்டு இடம், அதாவது நீங்கள் கேட்கும் பூங்கா இடம், கேட்பதில்லை. அதாவது சுமார் 74 சென்ட். அதற்கு மேல் 10,000 சதுர மீட்டர் வரை, சாலை போக மீதியில் 10 சதவீதம். இடமாகக் கொடுக்க இயலாவிட்டால் வழிகாட்டி மதிப்பில் பணமாகக் கட்டலாம். 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது ஏறக்குறைய 2 ஏக்கர் 47 சென்ட்டுக்கு மேல், இடமாகவே கொடுக்க வேண்டும்.

பிரித்துப் போடும் யோசனையை விட்டுவிடுங்கள். முதலில் உங்கள் கணக்கே நிற்கவில்லை, 80 சென்ட் வரம்பைத் தாண்டுகிறது. இரண்டாவது, ஒரே மூலப் பத்திரத்திலிருந்து பக்கத்துப் பக்கமாக வரும் இரண்டு மனைப்பிரிவை, ஒரே சாலை இரண்டுக்கும் ஓடுவதை, வரைபடத்தைப் பார்க்கும் அலுவலர் உடனே கண்டுகொள்வார். எங்கே வரம்பு வைத்தாலும் அதற்கு ஒரு அங்குலம் கீழே வந்து நிற்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அதன் பலனை நம் புறநகரில் பார்க்கிறோம்: எட்டு எட்டு மனையாகப் பிரிந்து, ஒன்றின் சாலை இன்னொன்றோடு சேராமல், மழைநீர் போக வழியில்லாமல், குழந்தைகள் விளையாட ஒரு காலி இடம் இல்லாமல். ஒன்றரை ஏக்கரில் சாலை போக 10 சதவீதம் என்பது பன்னிரண்டு சென்ட் அளவுக்கு வரும். பூங்கா உள்ள மனைப்பிரிவு விற்பதும் எளிது. முழுமையாகப் போடுங்கள்.

கேள்வி: பல்லடம் பக்கம் கரிசல் மண். பாதாளச் சாக்கடை இல்லை. செப்டிக் டேங்க் எவ்வளவு பெரிதாக வைக்க வேண்டும்? பக்கத்து வீட்டில் ஆறு மாதத்திலேயே நிரம்பி வழிகிறது.
– வாசகர், பல்லடம்

பக்கத்து வீட்டில் தொட்டி சின்னது என்று நினைத்திருப்பார்கள். அநேகமாகக் குற்றம் தொட்டியில் இல்லை, தொட்டியிலிருந்து வரும் நீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு குழியில். இந்தியத் தர விதிப்படி 5 பேருக்கு நீளம் 1.5 மீட்டர், அகலம் 0.75 மீட்டர், நீர் ஆழம் 1 மீட்டர் போதும்; அதன் மேல் 30 சென்டிமீட்டர் காலி விட வேண்டும். 10 பேருக்கு 2 மீட்டர் நீளம், 0.9 மீட்டர் அகலம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எடுப்பதானால் ஆழம் 1.4 மீட்டர். தொட்டி கழிவைத் தங்கவைத்துக் கசடைப் பிரிக்கத்தான். உள்ளே வரும் அளவு தண்ணீர் வெளியே போயே தீரும். அது போகுமிடம் மண். கரிசல் நனைந்ததும் உப்பி, துளைகளை அடைத்துக்கொள்ளும், தண்ணீர் இறங்காது. அதனால்தான் வழிகிறது. வண்டி வைத்து எடுத்தாலும் மறுபடி நிரம்பும்.

கட்டும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். உறிஞ்சு குழி வரும் ஆழத்தில் ஒரு சாண் அகலத்துக்குத் துளை போட்டு, அடியில் இரண்டு விரல் ஜல்லி போட்டு, முதல் நாள் இரவே தண்ணீர் நிரப்பி மண்ணை ஊறவிடுங்கள். காய்ந்த கரிசல் வெடிப்பு வழியாக வேகமாகக் குடித்து ஏமாற்றும், ஊறிய பிறகுதான் சுயரூபம் தெரியும். மறுநாள் அரை அடி அளவுக்குத் தண்ணீர் விட்டு, 25 மில்லிமீட்டர் இறங்க எத்தனை நிமிஷம் என்று பாருங்கள். 30 நிமிஷத்துக்குள் என்றால் உறிஞ்சு குழி வைக்கலாம். 30 முதல் 60 என்றால் குழி உதவாது, நீளமான ஜல்லி வாய்க்கால்தான். 60க்கு மேல் போனால் மண்ணுக்குள் விடும் எந்த முறையும் வேலை செய்யாது. ஜல்லி நிரப்பிய தொட்டியில் நீரைக் கீழிருந்து மேலாக ஓடவிட்டு, கல்வாழை நட்டு வடிகட்டி, தோட்டத்துக்கு விடும் அமைப்புக்கு இடம் ஒதுக்குங்கள். எதுவானாலும் குடிநீர்க் கிணறு, போரிலிருந்து 18 மீட்டர் தள்ளி இருக்கட்டும். அஞ்சு சென்ட் மனையில் உங்கள் போருக்கு இடம் விட்டாலும் பக்கத்து மனை போர் அருகில் வந்துவிடும். அவர்களிடமும் கேட்டுவிட்டு இடம் குறியுங்கள். அடி பூசாமல் விட்ட தொட்டிதான் அக்கம்பக்கத்துக் கிணறு நாறுவதற்கு முதல் காரணம்.

கேள்வி: தோட்டத்துக்குள் வீடு கட்ட, போகிற வழி இட்டேரி. பிரச்சினை வருமா?
– வாசகர், பெருந்துறை

இட்டேரி, அதாவது இருபுறமும் வேலியுள்ள தோட்டத்து வண்டித்தடம், நிலத்தில் ஒன்றாகவும் ஆவணத்தில் வேறாகவும் இருக்கும். புல வரைபடத்தையும், ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் கிராமக் கணக்கான அ–பதிவேட்டையும் வாங்கிப் பாருங்கள். வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று தனிப் புல எண்ணோடு இருந்தால் அதுவே உங்கள் பொதுவழி. இருபுறமும் வேலி நெருங்கிக் குறுகியிருந்தால் சர்வேயரை வைத்து அளந்து பதிவேட்டு அகலத்தை மீட்க வேண்டும். யாரோ ஒருவரின் பட்டா நிலத்தில் பழக்கத்தில் நடக்கும் தடம் என்றால், நூறு வருஷமாகப் போனாலும் பதிவு செய்த வழிப்பாத்தியம் இல்லாமல் அனுமதி சிக்கும். வழி அகலம்தான் முன்பக்கம் விட வேண்டிய இடத்தையும் முடிவு செய்கிறது. 9 மீட்டருக்குக் குறைந்த சாலைக்குக் குறைந்தபட்சம் 1.5 மீட்டர். அதே பதிவேட்டில் பக்கத்தில் ஓடை அல்லது பள்ளம் புறம்போக்கு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பத்து வருஷமாக வறண்ட பள்ளத்திலும் ஒரு ஐப்பசியில் தண்ணீர் வரும்.

கேள்வி: தொண்டாமுத்தூர் பக்கம் மலையடிவாரத்தில் பண்ணை வீடு?
– வாசகி, ஆர்.எஸ்.புரம்

அந்தக் கிராமம் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் வருகிறதா என்பதை முதலில் பாருங்கள். ‘ஹாகா’ என்பது இதுதான், 1990ல் அமைத்தது. மேற்கு மலையோரக் கிராமங்கள் பல அதில் உண்டு. பட்டியலில் இருந்தால் வனம், வேளாண் பொறியியல், கனிமம் போன்ற துறைகளின் கருத்து வாங்கிய பிறகே அனுமதி. யானை போகும் வழியாக இருந்தால் கிடைப்பது கடினம், கிடைக்கவும் கூடாது.

கேள்வி: மாடி கட்டும் பக்கம் மின்கம்பி போகிறது. எவ்வளவு தள்ள வேண்டும்?
– வாசகர், ராசிபுரம்

வீதியில் போகும் சாதாரண வீட்டு மின் கம்பிக்குப் பக்கவாட்டில் 1.2 மீட்டர், மேலே என்றால் 2.5 மீட்டர். 11 கேவி (கிலோவோல்ட்) வரை பக்கவாட்டில் 1.2 மீட்டர், மேலே 3.7 மீட்டர். அதற்கு மேல் 33 கேவி வரை பக்கவாட்டில் 2 மீட்டர், மேலே 3.7 மீட்டர். அளவைச் சுவரிலிருந்து எடுக்காதீர்கள். சன்ஷேடு, பால்கனி, நாளைக்குப் போடப்போகும் தகரக் கொட்டகை இவற்றின் வெளி விளிம்பிலிருந்து, காற்றில் கம்பி உங்கள் பக்கம் ஆடி வரும் இடம் வரை எடுங்கள். போதாவிட்டால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் மனு கொடுத்து, மதிப்பீட்டுத் தொகையைக் கட்டிக் கம்பியை மாற்றிய பிறகு சென்ட்ரிங் அடியுங்கள். கான்கிரீட் போடும் அன்று நாலு ஆள் உயரத்துக்குக் கட்டட இரும்புக் கம்பியை நிமிர்த்திப் பிடிப்பார்கள்; விபத்து நடப்பது அப்போதுதான்.